அரக்கனுக்கு ஒரே ஒரு ஓசி அடி

எண்பத்தாறில் செல்லூரில், ரபீக் வீட்டு மாடியில், நாங்கள் மூன்று பேர் இருபது முகப் பகடை உருட்டிக் கற்பனைச் சண்டை ஆடுவோம். ரபீக் கதையை நடத்துவான்; அரக்கர்களும் அவன்தான். நானும் பாண்டியும் வீரர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டியின் வீரனுக்கு இரண்டு புள்ளி உயிர்தான் மிச்சம். எங்கள் இருவருக்கும் எதிரே அரக்கன். பக்கத்தில் நிற்பவன் திரும்பி ஓடினால், அரக்கன் அவனை ஓசியில் ஒருமுறை அடிக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரே அடிதான்.

"மாப்ள, ஓடிரவா?" பாண்டி கேட்டான். வீரன் செத்தால், எட்டு மாதமாக அவனை எழுதி வளர்த்த தாளை ரபீக் கிழித்துவிடுவான்.

"நில்லுடா. மொதல்ல நான் ஓடுறேன். அந்த அடிய என் மேல செலவழிக்கட்டும். அப்புறம் நீ ஓடு."

ஓடினேன்.

"அடிக்கிறேன்" என்று ரபீக் பகடையை உருட்டினான். மூவரும் குனிந்து பார்த்தோம். இருபது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண்ணே இல்லை.

என் வீரன் விழுந்தான். பாண்டியின் வீரன் தப்பினான். ரபீக் என் தாளைக் கிழித்தான்.

இன்று கே.கே. நகர் மருந்துக்கடையில் பாண்டியைப் பார்த்தேன். மனைவியிடம் என்னை அறிமுகப்படுத்தினான்:

"என்னைய அரக்கன்கிட்ட விட்டுட்டு மொத ஆளா ஓடுனது இவன்தேன்!"

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். பாண்டியின் மனைவியும் இதைப் படிப்பார்.