ஆள் ஏற முடியாத கார்

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே ஒரு கார் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான்; அது எங்கும் போகாது. ஞாயிறு காலையில் மூன்றாம் மாடி லால்வானி இறங்கி வந்து அதன் உறையைக் கழற்றி மடித்து வைப்பார். உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிடுவார். கட்டிடம் முழுக்க ஜன்னல் கண்ணாடி அதிரும். கொஞ்ச நேரத்தில் அணைத்து, மறுபடி உறையைப் போர்த்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுவார். பார்க்கிறவர்கள் மனிதர் லோனாவாலா மலை வரை போய்வந்தார் என்றுதான் நினைப்பார்கள். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஒட்டிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் வாராவாரம் இப்படிச் செய்தால் வீட்டார் கூடிப் பேசி வைத்தியம் பார்ப்பார்கள். மும்பையில் வண்டி ஓடுவதற்கு இடம் கிடைப்பது அரிது, நிற்பதற்குக் கிடைப்பது அதைவிட அரிது. ஆகவே இங்கே நிற்கிற வண்டிக்குத்தான் மரியாதை. இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

மனைவி காலமான பிறகு லால்வானி கனடாவிலிருக்கும் மகளிடம் போவதென்று முடிவு செய்தார். ஒருநாள் லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி, காரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டிடத்தில் எல்லாரும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள்; தினமும் அந்தேரி வரை வண்டி ஓட்டிப் போகிற பைத்தியக்காரன் நான் ஒருவன்தான். அதனால்தான் என்னைக் கேட்டாராம். விலையும் என் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. “ரோஜ் சலானா படேகா,” என்றார். தினமும் ஓட்ட வேண்டும். தான் அதை நிறுத்தியே வீணாக்கிவிட்டதாக வருத்தப்பட்டார். பிறகு, “ஃபேமிலி மே கித்னே லோக்?” என்று கேட்டார். குடும்பத்தில் எத்தனை பேர் என்றால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தாராவியில் அக்கா, அத்தான், அவர்கள் மகள் மலர், அத்தானின் தம்பி வீடு, சித்தப்பா பிள்ளைகள் என்று விரல் மடக்க ஆரம்பித்ததும், காரை வாடகைக்கு விடப்போகிறேன் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. “நஹி நஹி, கர் மே,” என்றார். வீட்டில் என்றால் நானும் என் மனைவி செல்வியும்தான். மகன் புனேயில் படிக்கிறான். “தோ. பர்ஃபெக்ட்,” என்று இரண்டோடு அவரே கணக்கை முடித்தார். எங்கள் குடும்பம் இவ்வளவு சின்னது என்று ஒரு சிந்திக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

அதுவரை நான் ஓட்டிக்கொண்டிருந்தது எட்டுப் பேர் உட்காரும் வேன். எட்டு என்பது கம்பெனிக்காரனின் நம்பிக்கை. நாங்கள் அதை ஒருநாளும் மதித்ததில்லை. வேலை தேடி மும்பைக்கு வந்தபோது தாராவியில் அக்கா வீட்டில்தான் தங்கினேன். அத்தான் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர்கள் போட்ட சோற்றில்தான் மாலைக் கல்லூரியில் படித்து, அந்தேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தேன். கல்யாணமாகிச் செம்பூருக்குக் குடிபோனபோது, படித்ததும் தெருவை விட்டுப் போய்விட்டான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் வாங்கியதுதான் வேன். குர்லா டெர்மினஸில் ஒருவரை ரயில் ஏற்ற ஒன்பது பேர் வழியனுப்ப வருவது எங்கள் வழக்கம். அந்த ஒன்பது பேரும் வேனில்தான் வந்தார்கள். பிரசவத்துக்குப் போனவர்கள், துக்கம் கேட்கப் போனவர்கள், அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாய், கல்யாண வீட்டு அண்டா, எல்லாம் அதில் போயிருக்கின்றன. கிடாயின் வாசனை இரண்டு மழைக்காலம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தால் அக்காவின் குரல் வரும்: “ஏல முத்து, வண்டிய எடுத்துட்டு வந்திரு.” எங்கே, எதற்கு என்பதெல்லாம் வண்டியில் ஏறிய பிறகுதான் தெரியும்.

அந்த வேனுக்கு வயதாகிவிட்டது. இனி ஃபிட்னஸ் சான்று கிடைக்காது என்று ஏஜெண்ட் கையை விரித்துவிட்டான். அடுத்தது என்ன வாங்குவது என்று தெருவே யோசித்துக்கொண்டிருந்தது. மேலே கேரியர் வைத்தது வேண்டும் என்றார் அத்தான். பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும் என்றாள் அக்கா. என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்டார்கள்.

லால்வானி சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். சனிக்கிழமை விடியற்காலையில் சாந்தாகுரூஸ் போகும் மேம்பாலத்தில் ஏற்றினேன். தரையை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் பக்கத்தில் வந்த ஆட்டோவின் சைலன்சர் என் காதுக்கு நேராக இருந்தது. பால் வண்டிக்காரன் குனிந்து பார்த்து, பாவம் என்பதுபோல் வழிவிட்டான். வேகத்தடை ஒவ்வொன்றையும் கோணலாக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் சயான் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் இது கார் இல்லை, தொட்டி. தினமும் ஓட்டுவதற்கு இதைவிட மோசமான வண்டி கிடையாது என்று என் கணக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் பாலத்தின் மேல் ஆள் இல்லாத ஒரு நீட்டத்தில் மெதுவாக மிதித்தேன். வண்டி சீறிக்கொண்டு போனது. பின்னால் யாரும் வாந்தி எடுக்கவில்லை. யாரும் ஜன்னலை மூடச் சொல்லவில்லை. யாரும் ஏன் இந்தப் பாலம், சுனாபட்டி வழியாகப் போயிருக்கலாமே என்று கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாலத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க ஆளில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

மாலையில் செல்வியை ஏற்றினேன். முழங்கால் வலிக்காரியான அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நிலைமையை ஆராய்ந்தாள். “இதுல ஏறணும்னா மொதல்ல விழணும். எறங்கணும்னா நாலு பேரு வந்து தூக்கணும்,” என்றாள். விழுந்தாள். கிங்ஸ் சர்க்கிள் வரை போய் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு வந்தோம். கட்டிடத்தின் கீழே வந்து நின்றதும் சொன்னாள்.

“ஒங்களுக்குக் காரா வேணும்? ஆளு ஏற முடியாத காருல்லா வேணும்.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“இருந்தா என்ன தப்பு? எட்டுப் பேரு வேன்ல பதினாறு பேர சொமந்தாச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிரணும். அதச் சொல்ல வாயில்லாம, ஒரு கார வாங்கி அதச் சொல்ல வைக்கப் பாக்கிய.”

இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். கைகொடுத்து அவளை வெளியே இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரைத் தாராவிக்குக் கொண்டுபோனேன். சண்டை வரும் என்று தெரியும். பாதி வழியிலேயே பதில்களைத் தயாரித்துவிட்டேன். எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசணிக்காய் உடைத்துவிட்டு, தெருவாரை ஏற்றி ஒரு ரவுண்டு போக வேண்டும். இன்னும் வாங்கவில்லை, சும்மா காட்ட வந்தேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சக்கரத்துக்கடியில் பழம் வந்துவிட்டது. ரவுண்டுக்கு வரிசையும் நின்றுவிட்டது. ஒரு தடவைக்கு ஒரே ஆள். மெயின் ரோட்டில் டெம்போக்களுக்கு நடுவே நூறு அடி போய், திரும்ப முடியாமல் பின்னாலேயே ஊர்ந்து வந்து அடுத்த ஆளை ஏற்றினேன். மத்தியானம் வரை இதே வேலை. கிளட்ச் வாசனை கிடாயை மிஞ்சிவிட்டது. அத்தான் தன் முறை வந்ததும் உள்ளே இறங்கி, திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எஞ்சின்தான் இருந்தது.

“ரெண்டு பேருதான் என்னா?” என்றார்.

“ஆமா அத்தான். இன்னும் முடிவு பண்ணல.”

“எடுத்துக்கோ மச்சான். நல்லாருக்கு. நீயும் எத்தன வருசம் எங்கள சொமப்ப? எந் தம்பிக்குத் தெரிஞ்ச டாக்ஸிக்காரன் ஒருத்தன் இருக்கான். நாங்க பாத்துக்கிடுதோம்.”

குரலில் கோபம் இல்லை. அக்காவும் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். நான் தயாரித்து வைத்த பதில்கள் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தன. வெற்றிகரமாகத் திரும்பினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று செல்வியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஊருக்குப் போயிருந்த அத்தானின் தம்பி குடும்பத்தோடு திரும்பி வந்து, டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. வேன் இன்னும் கீழேதான் நின்றது. லால்வானிக்கு நான் முடிவும் சொல்லவில்லை. பிறகொரு நாள் செல்வி அக்காவிடம் பேசிவிட்டுப் போனை வைத்தாள். மலருக்குக் கல்யாண் ஸ்டேஷன் பக்கம் வரன் அமைந்திருப்பதாகவும், போன வாரம் எல்லாரும் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவந்ததாகவும் சொன்னாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மலர் தவழ்ந்தது என் மடியில். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்துதான் அழுதாள். அத்தானுக்குப் போன் போட்டேன்.

“தாய்மாமன் இல்லாம மாப்ள வீடு பாத்தியளா?”

“ரெண்டு டாக்ஸி சொல்லிருந்தோம் மச்சான். ஆளு சரியாப் போச்சு. ஒன்னைய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு…”

“என்கிட்ட வான்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அந்தப் பக்கம் அத்தான் நிஜமாகவே யோசித்தார். பிறகு, “ஒன்னைய எப்ப மச்சான் வான்னு சொல்லிருக்கோம்?” என்றார்.

குத்திக்காட்டவில்லை. ஞாபகப்படுத்திப் பார்த்துத்தான் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னை எதற்கும் வா என்று கூப்பிட்டதில்லை. வண்டியை எடுத்துவா என்றார்கள். வண்டியோடு நான் போனேன். போன இடத்தில் பந்தியில் உட்காரவைத்தார்கள், மாமன் சீர் செய்யச் சொன்னார்கள், குழந்தையை மடியில் வைத்தார்கள். வேனைச் சுமை என்றே திட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. வேன் இல்லாமல் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பாவம், அவர்கள் அதைப் பழகியதே இல்லை.

நான் கோபித்துக்கொண்டது வீண் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா பட்டுப்புடவையில் நிற்கிறாள். அத்தான் வேட்டி கட்டியிருந்தார். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, மூலையில் மஞ்சள் தடவிய நிச்சயதார்த்தப் பத்திரிகை. எங்கள் ஆட்களில் பாக்கு வைத்து அழைப்பது வெளியாட்களைத்தான். உடன்பிறந்தவனுக்குத் தட்டு நீட்டினால், நான் என்ன அடுத்த வீட்டுக்காரனா என்று அவன் தட்டிவிடுவான். நான் தட்டிவிட்டிருக்க வேண்டும். அக்கா தட்டை எந்தப் பக்கமாக நீட்டுவது என்பதுபோல் அத்தானைப் பார்த்தாள். சரியாகச் செய்கிறோமா என்ற பயம் அது. தம்பி மனம் கோணக்கூடாது என்று கோயில்காரரிடம் முறை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“குடும்பத்தோட அவசியம் வந்திரணும்,” என்றார் அத்தான், யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வேனில் கொண்டுவிடுகிறேன் என்றேன். கீழே டாக்ஸி காத்திருக்கிறது என்றார்கள். கூடவே இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். டாக்ஸிக்காரனிடம் இந்த நேரத்தில் சயான் பக்கம் நெரிசல், உள்வழியாக இப்படிப் போ என்று விளக்க ஆரம்பித்தேன். “எங்களுக்கு வழி தெரியும் மச்சான்,” என்றார் அத்தான் உள்ளேயிருந்து. வண்டி போய்விட்டது. நான் கேட் பக்கம் நின்று அழுதேன். வாட்ச்மேன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான்.

காரை வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன். வாங்காமல் கேரியர் வைத்த வேனே எடுத்திருந்தாலும் அடுத்த விசேஷத்துக்கு அவர்கள் தட்டோடுதான் வருவார்கள். ஒருமுறை நீட்டிய தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள எங்களிடம் முறை கிடையாது.

நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் காரில்தான் போனேன். செல்வி முழங்காலைக் காரணம் சொல்லி முன்னதாகவே டாக்ஸியில் போய்விட்டாள். மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில் பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமுமாக ஒரு சின்னப் பெண் நின்றாள். மலரின் தோழியாக இருக்க வேண்டும். தமிழ் அவளுக்கு வரவில்லை. அந்த இடத்தில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டியவன் தாய்மாமன். அவள் என் மேல் பன்னீர் தெளித்து, சந்தனத்தை நீட்டி, “அங்கிள், ஆப் லட்கே வாலே கி லட்கி வாலே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா? நான் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எதிலிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் அவள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் மேல் பன்னீர் தெளிக்கப் போய்விட்டாள்.