பாயிண்ட் எனக்கு, பை அவனுக்கு

போன புதன்கிழமை ஒரு திருடனோடு சண்டை போட்டு ஜெயித்தேன். பையை அவன் எடுத்துக்கொண்டு போனான்.

சிரிக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் கராத்தே பெருமை தெரியும். நாற்பத்து நான்கு வயதில் சேர்ந்தேன், மூன்றே வருடத்தில் பிரவுன் பெல்ட் என்று எத்தனை வாரம் அளந்திருப்பேன்! யாராவது ஒருவர் கடிதம் போட்டு, 'போதும் தாயே' என்று சொல்லியிருக்கலாம். நீங்களும் பேசாமல் இருந்துவிட்டீர்கள். அனுபவிக்க வேண்டியது நான்தானே?

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில், குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. வீட்டில் கணவர், ஒரே மகள் பிருந்தா.

பிருந்தா கல்லூரியில் படிக்கும்போதே சொல்லிவிட்டாள் - பெங்களூரில்தான் வேலைக்குப் போவேன் என்று. தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்பது டிராஃபிக் மனசு வைப்பதைப் பொறுத்தது. தலைகீழாக நின்று யோசித்து ஒரு கண்டிஷன் போட்டேன். "பிரவுன் பெல்ட் வாங்கு. அப்புறம் பெங்களூரைப் பத்திப் பேசு."

அவள் மறுபேச்சுப் பேசாமல் கராத்தே கிளாசில் சேர்ந்தாள். கிளாசுக்கே அவளைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடவே சேர்ந்தேன். நான் கராத்தே வீராங்கனை ஆன வரலாறு இவ்வளவுதான்.

போன மாதம் அவளுக்கும் பிரவுன் பெல்ட் வந்தது. வேலையும் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனியிலிருந்து மெயில் - ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கையோடு கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ள முடியாது.

அந்த ஒரிஜினல்களை ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன் என்றாள். "நீ தொலைச்சுட்டு வந்து நிப்பே. குடு இங்க" என்று நானே பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை, ஒரு பிள்ளையின் பதினைந்து வருட உழைப்பு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். கவர் என் தோள்பைக்குள்.

திருடனிடம் வருவதற்கு முன்னால் எங்கள் கிளாசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் கிளாஸ் நடக்கும். சாம்பார் வாசனையில் கராத்தே. மாஸ்டர் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் சூப்பர்வைசர். மாணவர்கள் எல்லாம் அசெம்பிளி லைன், ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ் ஆட்கள். ஓசூரில் வேறு யார் கிடைப்பார்கள்?

சண்டைப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. முகத்தைப் பார்த்து விடுகிற குத்து, முகத்துக்கு ஒரு இன்ச் முன்னால் நிற்க வேண்டும். பட்டால் ஃபவுல். சரியாக நின்றால் பாயிண்ட். பாயிண்ட் சொன்னதும் இரண்டு பேரும் கையை இறக்கி, திரும்பி, அவரவர் மஞ்சள் கோட்டில் போய் நிற்க வேண்டும்.

மற்ற ஊர்களில் இதைக் குத்துமதிப்பாகச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் மாஸ்டர் சட்டைப்பையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார்.

"மேடம், ஒரு இன்ச்சுன்னா ஒரு இன்ச்சு. முக்கால் இன்ச்சு வந்தா ரிஜெக்ட்."

குவாலிட்டிக்காரியிடம் இப்படிச் சொன்னால் விடுவாளா? வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று குத்தினேன். கதவைப் பார்த்துக் குத்தினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் மூக்கைப் பார்த்துக் குத்தினேன். முதல் மாதம் நடுங்கினார். இரண்டாவது மாதம் பக்கத்தைப் புரட்டினார். அந்த அளவுக்கு நம்பிக்கை! எத்தனை முறை குத்தினாலும் என் முஷ்டி அதே இடத்தில் நிற்கும். மஞ்சள் கோடும் எங்களுக்குப் புதிதில்லை. மெஷின் ஓடுகிற ஷாப் ஃப்ளோரில் வருஷக்கணக்காக மஞ்சள் கோட்டுக்குள் நடந்தே பழகிய கால்கள்.

இப்போது புதன்கிழமை.

காலை பதினோரு மணி. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடை. வேலை முடிந்து, கவரைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு நடைபாதையில் இறங்கினேன். ஒரு பைக் வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமல் ஒருவன் இறங்கி வந்தான். பார்க்க டீசன்டாக இருந்தான். வழி கேட்கப் போகிறான் என்று நினைத்து, "சொல்லுங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவன் எதுவும் சொல்லவில்லை. பையைப் பிடித்து இழுத்தான்.

வார் ஒரு பக்கம் பிய்ந்தது. பை அவன் கையில். மூன்று வருடப் பயிற்சி எனக்குள் துள்ளி எழுந்தது பாருங்கள்! இடது கால் முன்னே. இடுப்பு திரும்பியது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் - பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற கத்தல். வலது முஷ்டி அவன் மூக்கை நோக்கிப் பறந்தது.

அவன் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முஷ்டி நின்றது. மூக்குக்கு ஒரு இன்ச் முன்னால். ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தாலும் முடியளவு பிசகியிருக்காது.

அத்தோடு விட்டேனா? கையை இறக்கினேன். திரும்பினேன். கம்பீரமாக இரண்டடி நடந்து, நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் டைல்ஸ் மேல் போய் நின்றேன். பாயிண்ட் எடுத்தாயிற்றல்லவா?

அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது - எதிராளி அவன் கோட்டுக்குப் போகவில்லை. பையோடு பைக்குக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஐயோ, சர்டிபிகேட்!" என்று கத்தினேன். இது கராத்தே கத்தல் இல்லை, சொந்தக் கத்தல். ஓடலாம் என்றால் அன்றைக்கென்று புடவை. கால் சிக்கி, பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்து நின்றேன். பிருந்தாவின் முகம்தான் கண்முன் வந்தது. இவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். பைக் நகரவில்லை. இஞ்சின் நின்றிருந்தது. குனிந்து பார்த்தான். சாவி இல்லை.

"இல்லி ஐதே நோடு!" என்று ஒரு குரல். இங்கே இருக்கிறது பார், என்று கன்னடத்தில்.

பைக்குக்குப் பக்கத்தில் கொத்தமல்லி மூட்டை மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தளி ஊர் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கி ஆட்டோவுக்காகக் காத்திருந்தவர். பெயர் ரத்னம்மா என்று பிறகு தெரிந்தது. சாவியை உயர்த்திக் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பையை அந்தம்மா கையில குடு. சாவிய நான் குடுக்கறேன். அஷ்டே." அஷ்டே என்றால், அவ்வளவுதான்.

அவன் முறைத்தான். அவர் அசையவில்லை. எழுந்து நிற்கக்கூட இல்லை. என் முதல் கத்தலுக்கே ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பியிருந்தார்கள். இரண்டாவது கத்தலுக்கு நடந்து வரத் தொடங்கியிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், பைக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இறங்கி வந்து பையை என் கையில் கொடுத்தான்.

ரத்னம்மா சாவியை எடுத்துத் தூரமாக, எதிர்த் திசையில் வீசினார். அவன் ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்து, வண்டியை உதைத்துப் பறந்துவிட்டான். ஆட்டோக்காரர்கள் வந்து சேர்ந்தபோது புகைதான் மிச்சம்.

கவரைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லாம் இருந்தன. போன உயிர் திரும்பி வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன்!

"ஏன்க்கா அவனை விட்டீங்க? புடிச்சுப் போலீஸ்ல குடுத்திருக்கலாம்ல?"

ரத்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு பை வேணுமா, அவன் வேணுமா?"

பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஆளைப் புடிச்சா அடிப்பான். சாவியைப் புடிச்சா நிப்பான்" என்றார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார். "ஏம்மா, நீ அவ்ளோ சத்தமா கூவுனியே... குத்தப் போறேன்னு நெனச்சேன். எதுக்குத் திரும்பிப் போய் அங்க நின்னே? அவன் கிட்ட கெட்ட வாசனை வந்துச்சா?"

என்ன சொல்வது? பாயிண்ட் எடுத்தேன் என்றா?

சாயங்காலம் மாஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கன்ட்ரோல் எவ்ளோ மேடம் இருந்துச்சு?"

"கரெக்டா ஒரு இன்ச், மாஸ்டர்."

"சூப்பர் மேடம்!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மேடம், உண்மையச் சொல்றேன். நான் கத்துக் குடுக்கறது ஒரு விளையாட்டு. நல்ல விளையாட்டு. உங்க சுகர் கொறைஞ்சுதா இல்லையா? மூச்சு வாங்காம மாடிப்படி ஏறறீங்களா இல்லையா? ஆனா போன வருஷம் எங்க வீட்டு வாசல்ல இருந்து என் பைக்கையே ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான் மேடம். நான் யாருகிட்டயும் சொல்லல."

பாவம் அவர். குற்றம் அவர்மேல் இல்லை. கிளாசில் என் எதிராளிக்கு என் எடை, என் பெல்ட். சண்டைக்கு முன்னால் எனக்கு வணக்கம் சொல்கிறார். எப்போது ஆரம்பிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒருவர் நிற்கிறார். அங்கே ஜெயிப்பதுதான் நோக்கம். தெருவில்? பையோடு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும். அதற்குச் சில சமயம் கத்தினால் போதும். சில சமயம் சாவி. சில சமயம் பையையே விட்டெறிந்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். ஓடினவருக்கு எந்த மாஸ்டர் பெல்ட் கொடுப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பை போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில், பதறிய அதே மனசின் ஏதோ ஒரு மூலையில்... 'சர்டிபிகேட் போனால் திங்கட்கிழமை இவள் போகமாட்டாள்' என்று ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குப் போய்க் கவரைப் பிருந்தாவிடம் கொடுத்தேன். பிய்ந்த வாரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் டைல்ஸ் மேல் நின்ற இடம் வந்ததும் சோபாவில் விழுந்து சிரித்தாள். கணவரும் சேர்ந்துகொண்டார். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, முக்கியமான கேள்வியைக் கேட்டேன்.

"அந்த பெல்ட்டை நம்பித்தானே உன்னை பெங்களூர் அனுப்பறேன். இதே மாதிரி உனக்கு ஒண்ணு ஆனா என்னடி பண்ணுவே?"

"கத்துவேன்."

"கத்தினா?"

"மூணு பாஷையில கத்துவேன்மா. 'கைய எடுறா'ன்னு ஒண்ணு, 'கை தெகியோ'ன்னு ஒண்ணு, 'செய்யி தீய்ரா'ன்னு ஒண்ணு. நம்ம பஸ்ல தமிழ்ல மட்டும் கத்தினா பாதிப் பேருதான் திரும்புவாங்க. கன்னடம், தெலுங்கு ரெண்டையும் சேர்த்தா மொத்த பஸ்ஸும் திரும்பும். அப்புறம் அவனே அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவான்."

இவ்வளவு சரளமாகச் சொல்கிறாளே என்று பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை தடவைடி கத்தியிருக்கே?"

"எண்ணலமா."

"எப்போலேருந்து?"

"ப்ளஸ் ஒன்லேருந்து."

கணவரின் சிரிப்பு நின்றது. பதினாறு வயதுப் பெண் பஸ்ஸில் தனியாக நின்று கத்தியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, என்னம்மா டிபன் என்று கேட்டிருக்கிறாள். நான் தோசை சுட்டுப் போட்டிருக்கிறேன்.

"ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா டியூஷனுக்கே அனுப்பியிருக்க மாட்டியேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சர்டிபிகேட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். வாசலோடு நின்றுகொண்டேன்.

என் மகள் தற்காப்பைக் கற்றுக்கொண்டது டவுன் பஸ்ஸில். பெல்ட் வாங்கியது, அம்மாவிடமிருந்து தப்பிக்க!