சுவரைப் பார்த்த கதிரை

என் வீட்டு முன்னறையில் ஒரு கதிரை சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிப் போடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. பச்சை ரெக்சின், இரட்டைத் தையல், உள்ளே தேங்காய்த் தும்பு. எல்லாம் என் கைவேலை. என் தையல் பிரிந்தது என்று இந்தக் கண்டியில் ஒருவரும் சொன்னதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஓடிய பஸ்களில் பாதிக்கு சீட் தைத்தவன் நான். தெல்தோட்டையில் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, ஊசியும் நூலுமாக டவுனுக்கு வந்தவன், இன்று சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் அந்தக் கதிரையின் பெருமை தையலில் இல்லை. அது டொக்டருடைய கதிரை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பிட்டிய வீதியில் வீடு. புது உறை போட்ட கதிரையைக் கொண்டுபோய் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், உள்ளே ஓர் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட். கலியாண வீட்டு பேண்டில் கேட்கிற ட்ரம்பெட் இல்லை இது. ஒரு மனிதன் தன்னோடு தானே பேசிக்கொண்டு மலையேறுகிற மாதிரி இருந்தது. கூலியை வாங்கிய பிறகும் வாசலிலேயே நின்றேன். "என்ன, விளங்குதோ?" என்று டொக்டர் கேட்டார். "விளங்கல ஐயா. ஆனா போகவும் மனசு வரல" என்றேன். "அப்ப உள்ள வந்து இரும். உதுதான் ஜாஸ்" என்றார். அன்று இருந்தவன்தான், பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அங்கே எனக்கு முன்பே ஹாஜியார் இருந்தார். மடவளைக்காரர், துணிக்கடை முதலாளி. எங்கள் மூவருக்கும் ஒரு சட்டம் இருந்தது, டொக்டர் போட்ட சட்டம். கொண்டுவந்த இசைத்தட்டை நல்லது என்று வாயால் சொல்லக் கூடாது. யார் தட்டைக் கொண்டுவந்தாரோ அவர் அந்தக் கதிரையில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். முகத்தைக் காட்டினால் கண்ணாலேயே கெஞ்சிவிடுவோமாம். ஒரு பக்கம் ஓடி முடியும். கேட்டவர்களில் யாராவது எழுந்து தட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டால், கொண்டுவந்தவர் வென்றார். ஒருவரும் எழும்பாவிட்டால் தோற்றார், தேத்தண்ணி வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்குமா, கோப்பைச் சத்தம் கேட்குமா என்று காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, கடைத் திறப்பு விழாவில்கூட என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை. கோப்பைச் சத்தம் கேட்டால் ஹாஜியார் சும்மா விடமாட்டார். என்னையும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார். "முதலாளிக்கு இன்டைக்கு சீனி கொஞ்சம் கூடப் போடுங்க. வாய் கசக்கும்" என்பார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. உறையில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியாமலேதான் வாங்கினேன். எப்படித் தெரிந்தெடுத்தேன் என்று கேட்பீர்கள். பஸ்ஸில் எந்த சீட்டைத் தேடிச் சனம் உட்காருகிறது என்பதை ரெக்சின் தேய்ந்திருக்கிறதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தட்டும் அப்படித்தான். கை பட்டுப் பட்டு உறையின் ஓரம் தேய்ந்ததைத்தான் எடுப்பேன். பெயர் பார்த்து வாங்கிய அந்த இரண்டு பேரையும்விட எனக்குத்தான் அதிகம் செருப்புச் சத்தம் கேட்டது. இதை ஹாஜியார் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

டொக்டர் உயிராக மதித்தது நான் முதல் நாள் கேட்ட அந்த ட்ரம்பெட் தட்டைத்தான். "இவன் அவசரப்படமாட்டான். அதுதான் இவன்ர பெரிய குணம்" என்பார். கொழும்பில் இருந்த கூட்டாளிகளுக்கெல்லாம் அப்படிச் சொல்லித்தான் அதைக் கேட்கச் சொன்னார். நிதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களோடு பேச்சையே குறைத்துக்கொண்டார்.

ஒருமுறை ஹாஜியார் அதே தட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு தட்டோடு புதுப் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். "மவன் டுபாயில இருந்து கொண்டு வந்த ப்ளேயர். இதுல என்னமோ கோளாறு ஈக்குது டொக்டர். உங்கட ஆள் இதுல ஓட்டமா ஓடுறான்" என்றார். போட்டுப் பார்த்தோம். உண்மைதான். மலையேறிய மனிதன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். குரலும் மெலிந்து, இளந்தாரிக் குரலாகியிருந்தது. ஹாஜியாரும் நானும் சிரித்தோம். டொக்டர் சிரிக்கவில்லை. நாடி பிடிக்கிறவர் மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் நடுவே அச்சடித்திருந்த நேரமும் புதுப் பெட்டியில் ஓடிய நேரமும் ஒன்றாக இருந்தன.

கோளாறு டொக்டருடைய பழைய பெட்டியில்தான். அதை அமெரிக்காவிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். வோல்ட்டைக் குறைக்கிற கருவி ஒன்றை வைத்தால் போதும் என்று டொக்டர் நினைத்துவிட்டார். அந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்த மோட்டர் நம் மின்சாரத்தில் மெதுவாகத்தான் சுற்றுமாம். ஆக, அவர் வீட்டில் நாங்கள் கேட்ட ஒவ்வொரு தட்டும், வாசித்தவன் வாசித்ததைவிட மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது.

"இவ்வளவு காலமும் நான் கேட்டதை அவன் வாசிக்கவே இல்லையப்பா" என்றார் டொக்டர். பெட்டியை மூடி அதன் மேல் துணியைப் போட்டார். அடுத்த ஞாயிறு போனபோது தலையிடி என்றார். அதற்கடுத்த ஞாயிறு கேட் பூட்டியிருந்தது. புதுப் பெட்டியைத் தன் வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்று ஹாஜியார் கூப்பிட்டார். டொக்டர் வரவில்லை. எனக்கு வீடு, வாகனம், வியாபாரம் எல்லாம் நானாகத் தேடிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் "இரும்" என்று சொல்லிக் கிடைத்தது. அது போய்விடுமோ என்று பயந்தேன்.

கலகெதரவில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை விற்றார்கள். சோபா பார்க்கப் போன இடத்தில் ஓரம் தேய்ந்த ஒரு சக்ஸபோன் தட்டு கிடைத்தது. ஹாஜியாரையும் ஏற்றிக்கொண்டு நேரே அம்பிட்டியவுக்குப் போய், கேட் திறக்கும்வரை ஹோர்ன் அடித்தேன். டொக்டர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "புதுசு ஐயா. பழைய பெட்டியிலதான் போடணும்" என்றேன்.

"அதில போட்டாப் பொய்யெல்லே?"

"ஐயா, நான் சீட்டை நல்லா இறுக்கமாத்தான் தைச்சுக் குடுக்கிறேன். உட்கார்ற சனம் அவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி அதைப் பள்ளமாக்கிக்கிறாங்க. அதுக்காக அது நான் தைச்ச சீட் இல்லன்னு ஆயிடுமா?"

"இவர் எங்க போனாலும் சீட்டுலதான் வந்து நிப்பார்" என்றார் ஹாஜியார். டொக்டர் பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தார். நான் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சக்ஸபோன் மெதுவாக, மிக மெதுவாக, சாமான் நிறைந்த வீட்டுக்குள் இருட்டில் ஒருவர் நடக்கிற மாதிரி வந்தது. பக்கம் முடிந்து ஊசி உரசத் தொடங்கியது. சமையலறையில் கேத்தல் கொதிப்பதும் கேட்டது. நெடுநேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒரு கைத்தடி தரையில் ஊன்றிய சத்தம். கூடவே செருப்புச் சத்தம். டொக்டர் தட்டைத் திருப்பிப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த வரையில் பழைய பெட்டியும் ஹாஜியார் கொண்டுவந்து வைத்த புதுப் பெட்டியும் அந்த அறையில் இருந்தன. எதில் போடுவது என்று மூவரும் சண்டை பிடிப்போம். அவர் காலமான பிறகு, பழைய பெட்டியும் கதிரையும் எனக்கு என்று சொல்லிவைத்திருந்ததாக அவர் மகள் கொண்டுவந்து தந்தார்.

இப்போது ஹாஜியார் வாரம் முழுவதும் போனில் ஜாஸ் அனுப்புகிறார். விரலால் தொட்டால் பாடுகிறது, எல்லாம் சரியான வேகத்தில். நல்லது என்று அவரே அடியில் எழுதியும் விடுகிறார், சட்டமெல்லாம் போச்சு. ஆனால் ஞாயிறு பின்னேரம் பேரனைக் கார் ஓட்டச் சொல்லி என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

போன ஞாயிறு நான் ஒரு பியானோத் தட்டு போட்டேன். கதிரையில் சுவரைப் பார்த்து இருந்தேன். பக்கம் முடிந்தது. ஊசி உரசிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சரி, இன்றைக்குச் சீனி கூடத்தான் என்று நினைத்தேன்.

"முதலாளி" என்றார் ஹாஜியார். "முழங்கால் எழும்ப விடுதில்ல. நீங்களே திருப்பிப் போடுங்க."

எழுந்து போய், என் தட்டை நானே திருப்பிப் போட்டேன். திரும்பி வந்து, பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.