பலாலியிலையிருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்

என்ரை அண்ணை இந்தியாவுக்குப் போனது சண்டைக் காலத்திலை, வள்ளத்திலை, ஒரு முழு இரவு. பிறகு திருச்சிப் பக்கத்து முகாமிலையே இருந்திட்டார். நான் அவரைப் பாக்க வெளிக்கிட்டது இப்ப, பலாலியிலையிருந்து பிளேனிலை. ஒரு மணித்தியாலமாம். கொழும்புக்குப் போற தூரத்திலை பாதியும் இல்லையாம். பள்ளிக்கூடத்தை மதிலுக்கு வெளியாலை நிண்டு பாத்த எனக்கு உந்தக் கணக்கு ஆர் சொல்லித் தந்தது? இவ்வளவு காலமும் அண்ணை சந்திரனிலை இருக்கிறார் எண்டமாதிரி இருந்திட்டன்.

வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் அண்ணையின்ரை மகள் போன் எடுத்தவள். அங்கை பிறந்த பிள்ளை, அந்த ஊர்க் கதை.

"சித்தப்பா, டாக்டர் பாக்கிறவங்க வந்து பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு."

போனை அண்ணையின்ரை காதிலை வைக்கச் சொன்னன்.

"நாளைக்கு வாறன் அண்ணை."

"காத்து எப்பிடியடா?"

"பிளேனிலை வாறன்."

"அதுக்கும் காத்துப் பாக்க வேணுந்தானே."

மூச்சு இழுக்குது, அதுக்குள்ளையும் எனக்குக் கடல்தொழில் படிப்பிக்கிறார்.

விடிய நெல்லியடியிலை ஆட்டோ ஏறேக்கை என்ரை மனுசி சொன்னாள், "ஆரும் எங்கை போறியள் எண்டு கேட்டால், திரும்பி வந்து இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." எங்கடை பக்கத்திலை பயணம் போறவனை அப்பிடிக் கேக்கப்படாது, போற காரியம் சரிவராது. "துலைக்கோ?", தூரப் பயணமோ எண்டுதான் கேக்கிறது.

ஏர்போட்டிலை எல்லாரும் கேக்கிறது "எங்கை போறியள்" எண்டுதான். வாசல் பொலிஸ் கேட்டார். திரும்பிப் போய் மதிலோரம் குந்தித் தண்ணி குடிச்சன். டிக்கெட் பாக்கிற பிள்ளை கேட்டா. திரும்பவும் கதிரை, தண்ணி. முத்திரை குத்திறவரும் கேட்டிட்டு, நான் திரும்பிறதைப் பாத்து, "ஐயா, உங்களுக்குச் சுகமில்லையோ?" எண்டார்.

"சுகமில்லாதது அண்ணைக்கு" எண்டன்.

பிளேன் மேலை போனவுடனை குடிச்ச தண்ணி வேலையைக் காட்டத் தொடங்கீட்டுது. பெல்டைக் கழட்டத் தெரியாது, கேக்க வெக்கம். காலை இறுக்கிக்கொண்டு கீழை பாத்தன். அண்ணை இரவிரவாத் தண்ணி இறைச்சு இறைச்சுக் கடந்த கடல். நான் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கடந்தன்.

திருச்சியிலை வெளியாலை வர, போட்டோவிலை பாத்த முகம், அண்ணையின்ரை மகள் நிண்டாள். உந்தத் தண்ணிக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பம் எண்டு வாயைத் திறந்தன். அவள் போனைக் கையிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

"எப்ப பிள்ளை?"

"நீங்க மேல இருக்கும்போது அப்பா போயிட்டாரு. ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. ஒரு மணி நேரந்தானே, உங்களைக் கூட்டிட்டு ஓடி வந்துடலாம்னு வந்தேன் சித்தப்பா. நானும் பக்கத்துல இல்ல."

செத்த வீட்டிலையும் பகிடி விடுறவன் நான். பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலை நடந்தன்.

ஆட்டோவிலை அவள் கேட்டாள், "கடைசியா அப்பா என்னைத் தேடியிருப்பாரா?"

"இல்லை பிள்ளை. என்னைத்தான் தேடியிருப்பார். தம்பி கரைக்கு வந்திட்டானோ எண்டு."

அவள் நம்பினாளோ தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியிலை அண்ணையை வெள்ளைத் துணியாலை மூடியிருந்தாங்கள். காலைத் தொட்டுப் பாத்தன். முழுக்கக் குளிரேல்லை. அவளின்ரை கையைப் பிடிச்சு அந்தக் காலிலை வைச்சன்.