கங்காருவுக்குச் சாட்சி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கங்காரு மேய்கிறது என்று, பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் சொன்ன நாளோடு என் பெயர் கெட்டது. நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் முதலாளி, தூக்கி வந்த கத்தரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உன்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஓஸ்ரேலியாவிலை இறக்கிப்போட்டு, இதுதான் பிரான்ஸ் எண்டு சொல்லிட்டான் போல."

"பாவம், இவனும் நம்பிட்டான்," என்றார் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வெங்காயம் நிறுக்க முன்னரே கங்காரு சுகமோ என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீம்பும் உண்டு. ஆனால் பொய் மட்டும் சொல்வதில்லை.

பாரிசுக்கு மேற்கே, காட்டோரக் கிராமம் ஒன்றின் முதியோர் இல்லத்தில் மனைவிக்கு வேலை கிடைத்ததால் அங்கே வீடு எடுத்தோம். நான் ரயிலும் மெட்ரோவும் மாறி, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, நடந்து கடைக்கு வருகிறேன். எப்போதோ ஒரு விலங்குப் பூங்காவிலிருந்து தப்பிய வலபி என்ற சின்னக் கங்காருகள் அந்தக் காட்டில் குட்டி போட்டுப் பெருகியிருக்கின்றன. நிமிர்ந்து நின்றால் என் இடுப்பளவு வரும். யாருடைய வளர்ப்புமில்லை, முழுக் காட்டு மிருகமுமில்லை. விழுந்த ஆப்பிளைத் தின்ன விடியலில் எங்கள் வேலியோரம் வரும். ஜன்னலில் நிற்கும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டில் தின்னும்.

அவற்றில் காது கிழிந்த ஒன்றுக்கு வயிற்றுப் பையில் குட்டி இருந்தது. மனைவி அதற்குப் பிள்ளைக்காரி என்று பெயர் வைத்தாள். பிள்ளைக்காரிக்குத் தினமும் ஆப்பிள் வெட்டி வேலிக்கு வெளியே வைப்பாள். நான் தேத்தண்ணி கேட்டால் இரண்டு தரம் கேட்க வேண்டும்.

போனில் எடுத்த படங்களைக் கடையில் காட்டினேன். முயல் என்றார்கள். கிட்டப் போய்ப் படமெடுத்து வருகிறேன் என்று சவால் விட்டு, அந்தச் சூட்டோடு ஒரு ட்ரோன் வாங்கினேன். பாரிஸ் நகரத்துக்குள் அதைப் பறக்கவிட முடியாது. கிராமத்து வெளியில் தடையில்லை. மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் போர்க்கால வன்னியில் வளர்ந்தவள். அங்கே ஆளில்லாத வேவு விமானத்தை வண்டு என்பார்கள். வண்டு வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் செல் குண்டு விழும். ஏழு வயதில் அப்படி ஓடியபோது தாயின் கைப்பிடி விட்டுப்போய், சனத்துக்குள் தனித்துவிட்டாள். தாய் நொண்டி நொண்டித் திரும்பி வந்து கண்டெடுத்தார். அம்மா கையை விட்டாவா, கை நழுவியதா? இந்தக் கேள்வியை என்னிடம் ஒரேயொரு தடவை சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் கேட்டதில்லை. கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, என்ன கறி, மழையோ என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். அவள் வேலைக்குப் போனபின் பறக்கவிட்டால் யாருக்கு என்ன என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, கடை விடுமுறை. வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் பிள்ளைக்காரி நின்றது. பையிலிருந்து குட்டியின் தலை எட்டிப் பார்த்தது. முதலாளியின் முகத்தை நினைத்துக்கொண்டு ட்ரோனைத் தாழ்த்தினேன். இன்னும் தாழ்த்தினேன். பிள்ளைக்காரி துள்ளிப் பாய்ந்தது. இரண்டாவது பாய்ச்சலில் பையிலிருந்து குட்டி புல்லில் விழுந்தது. தாய் காட்டுக்குள் மறைந்துவிட்டது.

அவசரமாக ட்ரோனை இறக்கிவிட்டுத் திரும்பினேன். வேலை நேரம் மாறி மனைவி முன்னதாகவே வந்திருக்கிறாள். சீருடையோடு மதிலோரம் குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடியிருந்தாள்.

அந்தக் கோலத்தைப் பார்த்தபோது என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது. பக்கத்தில் போய் இருந்தேன்.

"வண்டு இல்லையப்பா. விளையாட்டுச் சாமான். நான்தான் விட்டனான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். குட்டி விழுந்ததைச் சொன்னதும் எழும்பிவிட்டாள். தூக்கப் போன என்னைக் கையில் பிடித்து இழுத்தாள்.

"தொடாதையுங்கோ. தாய் வரும்."

"வராட்டி?"

"நாங்கள் நிண்டால் வராது. உள்ளை வாங்கோ."

குசினி ஜன்னலில் நின்றோம். குட்டி புல்லுக்குள் கிடந்தது, நரி வந்தால் முடிந்தது. கோப்பி ஆறிப்போனது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவள் அசையவில்லை. கடைசியில் காட்டோரத்தில் கிழிந்த காது தெரிந்தது. பிள்ளைக்காரி நின்று நின்று வந்தது. குட்டி தலைகீழாகப் பைக்குள் பாய்ந்தது; பின்னங்கால்கள் இரண்டும் கொஞ்ச நேரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

பிறகு, "எடுத்த படத்தைக் காட்டுங்கோ," என்றாள்.

அழிக்கப் போகிறேன் என்றேன். விடவில்லை. மேசையில் வைத்துப் பார்த்தோம். நான் பதறி ட்ரோனை இறக்கிய நொடிகளும் அதில் பதிவாகியிருந்தன. குட்டி விழுந்தபின் தாய் ஓடுகிறது, நிற்கிறது, திரும்பிப் பார்க்கிறது. மறுபடி ஓடி, மறுபடி நிற்கிறது.

"பாத்தீங்களோ, திரும்பிப் பாக்குது," என்றாள். மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து வன்னிக்கு அடித்தாள். கிழமைப் போனுக்கு அது நாளில்லை.

"அம்மா, அண்டைக்கு என்ரை கை விட்டுப்போனாப்பிறகு நீங்கள் திரும்பிப் பாத்தனீங்களோ?"

ஸ்பீக்கரில் மாமியின் குரல் வந்தது.

"பாக்காமல் என்ன பிள்ளை? பின்னாலை பாத்துக்கொண்டு ஓடித்தானே செல் விழுந்த கிடங்குக்குள்ளை விழுந்தனான். இந்தக் கால் வேறை என்னெண்டு ஏலாமப் போனது?"

அன்று அவர்கள் போனை வைக்கவே இல்லை. அழுதார்கள், சிரித்தார்கள். இடையில் கங்காரு கதையும் போனது. "பிரான்சிலை கங்காருவோ? உன்ரை மனுசன் சொன்னவரோ?" என்று மாமி கேட்டது எனக்கும் கேட்டது.

ட்ரோனை விற்றுவிடுகிறேன் என்றேன். வேண்டாமாம். மிருகங்கள் இல்லாத பக்கமாகப் போய், தானே ஒருநாள் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் கடையில் முதலாளி கையை நீட்டினார்.

"எங்கையடாப்பா படம்?"

படம் என் சட்டைப் பையிலிருந்த போனில்தான் இருந்தது. ஆனால் அது இப்போது அவளுடையது. கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே, "ஒண்டும் அம்பிடேல்லை அண்ணை," என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

லா சப்பலில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.