சண்டைக் கப்பலுக்கு வைத்த பொட்டு

கொள்ளிடத்து மணலிலிருந்து ராசா காலத்துச் சண்டைக் கப்பல் ஒன்றை எடுத்தார்கள். அதை மறுபடி சேர்த்தது நானும் என் அத்தையும்தான். இதைச் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. கப்பல் முழுசாக வரவில்லை. பலகை பலகையாகத்தான் வந்தது. கரையில் கீற்றுக்கொட்டகை போட்டு அடுக்கி, ஈரச் சாக்கால் மூடினார்கள். காய்ந்தால் வெடித்துவிடுமாம். நாளெல்லாம் தண்ணீர் தெளிப்பது அத்தையின் வேலை. குடம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பலகைக்கு ஒரு தகரச் சீட்டு கட்டி எண் போட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் எண் படிக்க வராது. அதனால் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்: மூக்கறையன், பொத்தக்காது, நொண்டிச்சி.

ஆயுத பூசை வந்தது. தோண்டும் வேலையைப் பார்க்கிற சார் அரியலூர் போயிருந்தார். மண்வெட்டி, கடப்பாரையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்த அத்தை, கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

“இம்மாம் பெரிய ஆயுதத்த வச்சிக்கிட்டு மம்பட்டிக்கு மட்டும் பொட்டு வச்சா நல்லாவா இருக்கு?”

சீட்டுகளை அவிழ்த்துக் கூடையில் போட்டோம். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் பலகைகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பிறகு கைக்கு வந்த சீட்டைக் கைக்கு வந்த பலகையில் கட்டினோம். ஒன்றுகூட மிச்சமில்லை, அதில் எங்களுக்கு அத்தனை திருப்தி.

மறுநாள் எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, சீட்டெல்லாம் மாறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

“எது எங்க சேரும்னு அந்த நம்பர்லதான இருந்துச்சு! கப்பலயே கவுத்துட்டியே, மகராசி! நாளையிலேர்ந்து வேலைக்கி வராத!”

அத்தைக்கு முகம் சுருங்கியது. ஆனால் வாய் சுருங்கவில்லை.

“நம்பர் கெடக்கு. மண்ணுல கெடந்தப்பவே பாத்தவ நானு. மூக்கறையனுக்கு அடுத்தாப்ல பொத்தக்காது. நீங்க தூக்குங்க, நான் சொல்றேன்.”

அரியலூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய சார், மேஸ்திரியைக் கையமர்த்தினார். “சொல்லுங்கம்மா, கேப்போம்” என்றார்.

ஆட்கள் தூக்க, நாங்கள் இடம் காட்டினோம். சாயங்காலத்துக்குள் கப்பல் மேனியெல்லாம் பொட்டோடு மணலில் கிடந்தது. அத்தை குலவையிட்டாள். மேஸ்திரி அவளிடம் பூசைப் பொரி கடலை வாங்கித் தின்றுகொண்டே, “நாளைக்கி நேரத்தோட வந்துடு” என்றார்.

பலகைகளை அடுக்கும்போதே, ஒவ்வொன்றுக்கும் சார் ஒரு நோட்டைப் பார்த்துத் தலையாட்டியதைக் கவனித்திருந்தேன். எட்டிப் பார்த்தால், கப்பல் படம் அதில் ஏற்கெனவே முழுசாக இருந்தது. நொண்டிச்சிக்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை.

“இது அந்தாண்ட வரணும்மா.”

“அங்க வச்சா இந்த ஆணி எந்த ஓட்டைல போவும்? நீங்களே பாருங்க சார்.”

குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்துப் படத்தில் அந்த இடத்தை அழித்தார். இவ்வளவு படித்தவர் தப்பாக வரைந்துவிட்டாரே, யாரிடம் திட்டு வாங்கப்போகிறாரோ என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.