ஆயிரத்தில் நூற்றிருபத்தைந்து

கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் அவர் சொன்னார், தான் பத்தாம் வகுப்புத் தேறவில்லை என்று. பெண் பார்க்க வந்தபோது பாஸ் என்றிருந்தார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பாளையம்பட்டிக்கு வாழ வந்தவள். அவருக்கு நூற்பாலையில் ஷிப்டு வேலை. எலக்ட்ரீசியன் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகவும் பத்தாவது பாஸ் வேண்டும் என்றும் மில்லில் சொல்லிவிட்டதால், மறைக்க முடியாமல் போயிற்று.

"கணக்குல மட்டுந்தான் போச்சு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நாலைந்து நாள் நான் சோறு போட்டேனே தவிர, பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னது மகனில்லை, தான்தான் என்றார். "நல்ல புள்ள கெடைக்காமப் போயிருமோன்னு பயந்துட்டேன் தாயி."

அதற்கு மேல் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அவர் கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதுவதென்று முடிவாகி, அன்று சாயங்காலமே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தோம்.

அவருக்குத் தசமப் புள்ளி என்றாலே ஆகாது. எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளியைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுவார். அதைப் பின்னமாக மாற்றிவிட்டால் பயமில்லை என்று, நான் பள்ளியில் படித்தபடியே சொன்னேன். புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கமோ அத்தனை சைபரை ஒன்றுக்குப் பக்கத்தில் போட்டுக் கீழே எழுத வேண்டும். புள்ளி ஒன்று இரண்டு ஐந்து என்றால் ஆயிரத்தில் நூற்றிருபத்தைந்து. பிறகு மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுத்துச் சுருக்க வேண்டும். ஐந்தால் ஒரு தடவை வகுத்து, இருநூற்றில் இருபத்தைந்து வந்ததும் போதாதா என்பார். இன்னும் போகும் என்றால் சலித்துக்கொள்வார். எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் எட்டில் ஒன்று வரைக்கும் வந்துவிட்டு, அதை நம்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் உலைக்கு அரிசி அளக்க எழுந்தேன். ஆழாக்கைக் கையில் எடுத்ததும்தான் எனக்கே தோன்றியது. ஒரு படி அரிசியை முறத்தில் கொட்டி, ஆழாக்கை அவரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். எட்டாவது ஆழாக்கு நிறைந்தபோது முறத்தில் மிச்சமில்லை.

"அப்ப ஆயிரத்துல நூத்தியிருபத்தஞ்சும் இந்த ஆழாக்கும் ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க. அளவு மாறல. சொல்றதுதான் சுருங்குது."

ஆழாக்கை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத யாரும் எங்கிட்டச் சொல்லலியே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாரோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். நானாக அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு தினமும் படித்தோம். உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டு ஆள் பெண்டாட்டியிடம் பாடம் கேட்பது பக்கத்து வீடுகளுக்குத் தெரியக் கூடாதென்பது அவர் எண்ணம். அத்தை வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மகன் ஷிப்டு முடிந்து தூங்குவதாகச் சொல்லிப் பேச்சுக் கொடுத்து அனுப்பினார்.

தேர்வு மையம் திருச்சுழியில். பஸ்ஸில் நானும் கூடப் போய், வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் முதலில், "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடையில் ஆளுக்கு இரண்டு புரோட்டா வாங்கினார். பாதி தின்றதும், கேட்டதில் முக்கால்வாசி எழுதிவிட்டதாக மெதுவாகச் சொன்னார்.

தேறினார், கரையேறுகிற அளவுக்கு. அதற்குள் மில்லில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். அடுத்த வருஷம் அந்தப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது அவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மூத்தவள் பிறந்ததும் அந்த வருஷம்தான். ஐப்பசியில் நல்ல மழை பெய்திருந்தது.